அப்பாவின் தனிப்பானை

என் அப்பாவைக் கொப்பரைத் தராசில் உட்கார வைத்து நிறுத்துப் பார்த்தவள் நான். ஊரில் இதைச் சொல்லி இரண்டு வருஷம் சிரித்தார்கள். சிரிக்கட்டும். மனிதனை நிறுக்க வீட்டில் வேறு வழி இல்லை. அண்ணன் தேங்காய், கொப்பரை வியாபாரம் செய்ததால், சரக்கு அடுக்கும் ஓட்டுப்புரையின் உத்தரத்தில் பெரிய தராசு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு தட்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஊஞ்சல் பலகை ஒன்றைக் கட்டினோம். அப்பாவை நானும் அண்ணனும் தாங்கிக்கொண்டுபோய் அதில் உட்கார வைத்தோம். இரண்டு கயிற்றையும் பிடித்துக்கொண்டு, மூச்சு அடங்கும்வரை காத்திருந்து, அப்பா என்னைப் பார்த்துக் கேட்டார்.

"கொப்பரையாட்டு நிறுக்கிய. விலை படியுமா மக்கா?"

"எங்க படியும்? உள்ள எண்ணெய் இல்ல, வெள்ளமாக்கும்."

அவர் சிரித்தார். சிரித்ததும் இருமல் வந்து, பலகை ஆடாமல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. அண்ணன் எதிர்த்தட்டில் கல்லை மாற்றி மாற்றி வைத்துவிட்டு, நூற்று நாற்பத்தாறு ராத்தல் என்றான். அப்பா ஒல்லியான மனிதர். அந்தக் கனம் அவருடையதல்ல என்று மூன்று பேருக்கும் தெரிந்தது.

நான் சொன்னது வேடிக்கைக்கு மட்டுமல்ல. அப்பாவின் உடம்பில் நிஜமாகவே தண்ணீர் தேங்கியிருந்தது. இரண்டு கால்களும் முழங்கால்வரை வீங்கியிருந்தன. கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து, நான் பத்து எண்ணும்வரை நிறையாமல் கிடந்தது. நீட்டிப் படுத்தால் மூச்சு முட்டியது. கிணற்றடிக்குப் போய்வருவதற்குள் நான்கு இடத்தில் நின்றார்.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில். எனக்கு இருபத்தெட்டு வயது. ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷமாக நர்ஸ் வேலை. கலியாணப் பேச்சை எடுத்தவர்களை என் வாயே விரட்டிவிட்டதென்று அண்ணன் சொல்வான். வாய் இருந்தது வாஸ்தவம். வார்டில் முப்பது கட்டில்களை ஒரு பார்வையில் அடக்கிவைத்திருந்தவளுக்கு வாய் இல்லாமல் எப்படி? அம்மா எனக்குப் பத்தொன்பது வயதிலேயே போய்விட்டாள். வீட்டில் அப்பா, அண்ணன், அண்ணன் பெண்டாட்டி. அவளை நான் மைனி என்று கூப்பிடுவேன். என்னைவிட ஆறு வயது மூத்தவள். அருமனைக்கு அப்பால் மலையடிவாரத்தில் பிறந்தவள். அவள் பேச்சு பாட்டுப்போல் இழுத்து இழுத்து வரும். கோபம் வந்தால் மட்டும் அந்தப் பாட்டு நின்றுவிடும்.

அப்பா திருவிதாங்கூர் மராமத்து இலாகாவில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ரோட்டுக்குக் கொட்டும் சரளைக் குவியலை அளந்து வாங்குவது அவர் வேலை. குவியலுக்கு நடுவில் மண்ணைப் போட்டு மேலே சரளையைப் பரத்தி ஏமாற்றும் கண்டிராக்டர்கள் அவரைக் கண்டால் நடுங்குவார்கள். கையில் இருக்கும் கம்பியைக் குவியலுக்குள் குத்தி, சத்தத்தைக் கேட்டே மண்ணா கல்லா என்று சொல்லிவிடுவார். பொய் அவருக்கு ஆகாது. பாதிப் பொய்யும் ஆகாது. எங்கள் இரண்டு பேருக்கும் சின்ன வயதில் விழுந்த அடிகளெல்லாம் அதற்காக விழுந்தவைதான்.

அப்பாவை வில்வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பெரிய டாக்டர் நெடுநேரம் குழலை நெஞ்சில் வைத்துக் கேட்டார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார். துலா இறைக்கிற ஆளின் கை தளர்ந்துவிட்டால் கிணற்றில் தண்ணீர் இருந்தும் பாதி இறைப்பட்டைதான் மேலே வரும், அதுபோல உன் அப்பாவின் இருதயத்தசை தளர்ந்துவிட்டது, ஒவ்வொரு அடிக்கும் தள்ளவேண்டிய ரத்தத்தை முழுக்கத் தள்ள மாட்டேனென்கிறது, தள்ளாதது பின்னால் தேங்கி நீராக இறங்குகிறது என்றார். குணமாக்க முடியாது, ஆனால் சரியாகப் பார்த்துக்கொண்டால் கொஞ்ச காலம் நல்லபடியாக வைத்திருக்கலாம் என்றும் சொன்னார். மூன்று மாதம் லீவு கொடுத்து என்னை வீட்டுக்கு அனுப்பினார். நீ இருக்கிறாய், எனக்குக் கவலை இல்லை என்றார். அந்த வார்த்தையை நான் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அது கொஞ்சம் அதிகமாகவே ஏறி உட்கார்ந்துவிட்டது.

செய்யவேண்டியவை எனக்குத் தெரிந்தவைதான். முதுகுக்கு அடுக்காகத் தலையணை வைத்துச் சாய்ந்தபடி இருக்க வேண்டும். டிஜிட்டாலிஸ் என்ற இலையிலிருந்து எடுத்த துளிமருந்து, பத்துப் பத்துத் துளியாக மூன்று வேளை. கொடுக்குமுன் நாடியை எண்ணிப் பார்க்க வேண்டும், அறுபதுக்குக் கீழே போனால் கொடுக்கக் கூடாது. குடிக்கிற தண்ணீர் ஒரு நாளைக்கு மூன்று நாழிக்கு மேல் போகக் கூடாது. இவற்றுக்கெல்லாம் மேலே, உப்பு கூடாது. உப்பு உள்ளே போனால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிறகு எந்த மருந்தும் பிரயோஜனப்படாது.

முதல் ஐந்து நாள் பால் மட்டும் கொடுத்தோம். நாலு வேளை, வேளைக்கு ஒரு ஆழாக்கு, அவ்வளவுதான். அப்பா குழந்தைபோல் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். மூன்றாம் நாள் நீர் பிரிய ஆரம்பித்தது. அண்ணன் மைனியிடம் ஓடிப்போய், வாய்க்காலில் மடை திறந்த மாதிரி என்று சொன்னான். ஆறாம் நாள் தராசில் பன்னிரண்டு ராத்தல் குறைந்திருந்தது. அப்பாவின் கணுக்கால் எலும்பு கண்ணுக்குத் தெரிந்தது. மைனி அந்த எலும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நானும் சந்தோஷப்பட்டேன், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஏழாம் நாளிலிருந்து கஞ்சி. அங்கேதான் என் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. உப்பில்லாத கஞ்சியை அப்பா இரண்டு வாய்க்கு மேல் குடிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி வேலிக்கு அப்பாலிருந்து, உப்பில்லாத சோறு செத்தவங்களுக்குப் படைக்கதாக்கும், உயிரோட இருக்கவங்களுக்குக் குடுப்பாங்களா என்று மைனியிடம் சொல்லிவிட்டுப் போனாள். மைனி அதைக் கேட்டு அழுதாள். நான் இரண்டு பேரையும் அதட்டினேன். பிறகு யோசித்தேன். நாக்குக்கு ஏதாவது ஒரு பிடிப்பு வேண்டும். உப்பு இல்லையென்றால் புளிப்பு இருக்கட்டும். புளியைக் கூட்டிப் போட்டு, மிளகாய் கொஞ்சம், வெந்தயம் கொஞ்சம் சேர்த்து, கெட்டியாக ஒரு புளிக்கறி வைத்தால் கஞ்சி இறங்கிவிடும். அதிலும் புதுப்புளி வேண்டாம், சளியைக் கிளப்பும். நோயாளிக்குப் பழம்புளிதான் நல்லது என்று எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் சொல்வார்கள். இதை எந்த டாக்டரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. முழுக்க என் சொந்த மூளை.

அப்பாவுக்கென்று ஒரு சின்ன மண்பானை, ஒரு சட்டி, ஒரு அகப்பை எல்லாம் தனியாக வைத்தோம். உப்புப் போட்டுவைக்கும் மரவையை அடுப்படியின் மறுகோடிக்கு மாற்றினேன். மைனி தினமும் பழம்புளிப் பானையிலிருந்து ஒரு எலுமிச்சங்காய் அளவு கிள்ளி எடுத்துக் கரைத்து அப்பாவுக்குக் கறி வைத்தாள். அப்பா கஞ்சியை வழித்துக் குடித்தார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து நிறுத்தபோது நான்கு ராத்தல் ஏறியிருந்தது. அடுத்த வாரம் மொத்தம் ஏழு. கணுக்கால் எலும்பு மறைந்துவிட்டது. மறுபடியும் தலையணை ஒன்று கூடிற்று. மருந்து அதே மருந்து, தண்ணீர் அதே மூன்று நாழி. நாழியில் அளந்து ஊற்றுபவள் நானே. அப்படியென்றால் மிச்சம் இருப்பது உப்பு ஒன்றுதான். உப்பு எங்கிருந்து வரும்? சமைக்கிற கையிலிருந்துதான் வரவேண்டும்.

மைனியின் மேல் எனக்குச் சந்தேகம் விழுந்தது என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மைதான். உள்ளுக்குள் தீர்ப்பே எழுதி முடித்துவிட்டேன். இளகின மனசுக்காரி, மாமனாரின் முகம் சுருங்குவதைப் பொறுக்காமல் ஒரு சிட்டிகை போட்டிருப்பாள், ஒரு சிட்டிகை என்ன செய்துவிடும் என்று நினைத்திருப்பாள். வார்டில் இந்த மாதிரி எத்தனை பெண்டாட்டிகளை, எத்தனை மகள்களைப் பார்த்திருக்கிறேன். மடியில் கருவாடு சுற்றிக்கொண்டு வருவார்கள். அவர்களைக் கையும் களவுமாகப் பிடிப்பதில் எனக்குப் பேர் உண்டு.

ஒரு நாள் காலையில் அப்பாவின் சட்டிக்குப் பக்கத்தில் இரண்டு உப்புக்கல் சிந்திக் கிடந்தது. வீட்டுக்கறிக்கு உப்பள்ளிப் போகிறபோது விழுந்திருக்கலாம். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

"மைனி, அப்பாக்க கறியில உப்பு இட்டியளா?"

"இல்ல பிள்ளே."

"பின்ன எப்படி ஏழு ராத்தல் ஏறும்?"

"எனக்கு என்ன தெரியும்? உள்ளதச் சொல்லுகேன். நான் இடல்ல."

"ஒரு சிட்டிகைன்னாலும் சொல்லுங்க. நான் ஏச மாட்டேன்."

"இடாததை இட்டேன்னு எப்படிச் சொல்ல?"

அவள் சொன்னது அவ்வளவுதான். நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "உங்க மனசுக்கு இளக்கம் கூடுதல் மைனி. அந்த இளக்கம்தான் அப்பாவைக் கொல்லப்போகுது" என்றேன்.

மைனி கையிலிருந்த அகப்பையைக் கழுவி, துடைத்து, அப்பாவின் சட்டிமேல் குறுக்காக வைத்தாள். அவள் பேச்சில் இருந்த பாட்டு நின்றுபோயிருந்தது. "இனி இந்தப் பானையை நான் தொடமாட்டேன். நர்ஸம்மாவே பொங்கட்டும்" என்றாள்.

எங்கள் அடுப்படிச் சுவர் கூரைவரை எழும்பாத சுவர். அந்தப் பக்கம்தான் அப்பாவின் கட்டில். நாங்கள் பேசினது ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குக் கேட்டிருக்கும். ஒரு தடவை இருமினார்.

அன்றிலிருந்து மைனி என்னிடம் தேவையான வார்த்தை மட்டும்தான் பேசினாள். அப்பாவின் படுக்கையைத் தட்டிப் போடுவதும், வேட்டி துவைப்பதும், பிரிந்த நீரை அளப்பதும் முன்போலவே செய்தாள். பானையை மட்டும் தொடவில்லை. அண்ணன் இரண்டு பக்கமும் பேசிப் பார்த்துவிட்டு, கொப்பரைக் களத்திலேயே கூடுதல் நேரம் இருக்க ஆரம்பித்தான்.

நான் பொங்கினேன். மைனியைவிட நன்றாகப் பொங்கிக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. புளியை இன்னும் கொஞ்சம் கூட்டிக் கரைத்தேன். எங்கள் வீட்டில் அடுப்பில் இருக்கிற கறியை நாக்கில் வைத்துப் பார்க்கும் வழக்கம் கிடையாது. அம்மா காலத்திலிருந்தே அப்படி. சாப்பிடுகிறவருக்கு முன்னால் சமைக்கிறவள் வாய் வைக்கக் கூடாது, கொதிக்கிற மணத்திலேயே பதம் தெரிய வேண்டும். நானும் மணம் பிடித்துத்தான் இறக்கினேன். அப்பா கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டு, "நீ வச்ச கறி நல்லா இருக்கு மக்கா" என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அடுப்படியில் மைனி காதில் விழுந்திருக்கும் என்று அதற்கும் சேர்த்துச் சந்தோஷப்பட்டேன். இன்று எழுதும்போது கை கூசுகிறது.

அடுத்த வாரம் இன்னும் ஐந்து ராத்தல்.

மைனி கை படாத பானையில் உப்பு எப்படி வந்தது என்று என் புத்தி அப்போதாவது திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். அது வேறு பக்கம் பாய்ந்தது. அப்பாவே திருட்டுத்தனமாக எதையோ தின்கிறார் என்று முடிவு செய்தேன். அவர் கிணற்றடியில் இருந்தபோது தலையணைகளை உதறினேன், பாயைச் சுருட்டினேன், சட்டைப்பையில் கையை விட்டேன். ஒரு மூக்குக்கண்ணாடி உறை, ஒரு சின்னப் பென்சில், அவ்வளவுதான் கிடைத்தது. திரும்பி வந்தவர் சுருட்டிக் கிடந்த பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கட்டிலில் உட்கார்ந்தார். ஏன் என்று கேட்கவில்லை. மண் கலந்த குவியலைக் கம்பியால் குத்துகிற மனிதர் கேட்காமல் இருந்தது எனக்கு அப்போது விசித்திரமாகப் படவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் சொன்னேன். உப்பு அறவே இல்லையா என்று இரண்டு முறை கேட்டார். இல்லை, நானே சமைக்கிறேன் என்று இரண்டு முறை சொன்னேன். உப்பு இல்லாமலே வீக்கம் ஏறுகிறதென்றால் இருதயம் இன்னும் தளர்ந்திருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். துளியைப் பதினைந்தாகக் கூட்டச் சொன்னார். கவனமாக இரு என்றார். என் வார்த்தையை நம்பிச் சொன்னார்.

ஆறாம் நாள் அப்பாவுக்குக் குமட்டல் எடுத்தது. ஏழாம் நாள் காலையில், தலைமாட்டில் நின்ற மைனியின் வெள்ளைச் சேலையைப் பார்த்து, "மஞ்சச் சேலை எப்ப எடுத்த பிள்ளே?" என்று கேட்டார். அந்த மருந்து அளவுக்கு மிஞ்சினால் கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரியும் என்று படித்திருக்கிறேன். நாடியைப் பிடித்தேன். முந்தின ராத்திரி மருந்து கொடுக்குமுன் அறுபத்திரண்டு, இப்போது நாற்பத்தாறு. அதுவும் நாலு அடிக்கு ஒரு அடி விட்டு விட்டு. மருந்துப் புட்டியைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டு, அண்ணனை டாக்டரிடம் ஓட்டினேன். நான் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். விட்டால் நின்றுவிடும் என்று பயமாக இருந்தது. ஒன்பது வருஷ நர்ஸ், ஆனால் அன்று நான் வெறும் மகள்தான்.

அப்பா பிழைத்துக்கொண்டார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாவை மறைத்துவைத்துப் பயமுறுத்துகிற பழக்கம் எனக்கு இல்லை. அதற்குப் பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தார். மருந்தை நிறுத்தி, நாலு நாள் பால் மட்டும் கொடுத்தோம். நாடி ஐம்பத்தெட்டுக்கு வந்தது, அறுபத்தாறுக்கு வந்தது. அந்த நாலு நாளில் வீக்கமும் கொஞ்சம் வற்றியது. மருந்தே இல்லாமல் வீக்கம் எப்படி வற்றும்? அந்தக் கேள்வி தொண்டைவரை வந்தது. பதில் தெரியாததால் விழுங்கிவிட்டேன்.

அதற்கடுத்த வாரம் மாசி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டு மரத்துப் புளியை உலுக்கி, ஓடு உடைத்து, நாரும் கொட்டையும் எடுத்து முற்றத்தில் பாய் போட்டு உலர்த்தியிருந்தார்கள். மைனி பாயோரத்தில் உட்கார்ந்து வருஷத்துப் புளியைப் பானையில் அடைத்துக்கொண்டிருந்தாள். நான் அப்பாவின் நீர்ப்பாத்திரத்தைக் கழுவ எடுத்துக்கொண்டு அந்த வழியாகப் போனேன். ஒரு அடுக்குப் புளியை வைத்து முஷ்டியால் அமுக்கினாள். பக்கத்திலிருந்த ஓலைப்பெட்டியில் கையை விட்டாள். தாமரைக்குளத்து உப்பளத்திலிருந்து வண்டியில் வந்த கல்லுப்பு, வெயிலில் பளபளவென்று. ஒரு கைப்பிடி அள்ளிப் புளிமேல் தூவினாள். அடுத்த அடுக்கை வைத்து அமுக்கினாள். மறுபடி ஒரு கைப்பிடி.

நான் நின்றுவிட்டேன்.

"இதுல எதுக்கு மைனி உப்பு?" என் வாயிலிருந்து வந்தது உலகத்திலேயே மடத்தனமான கேள்வி.

"இதென்ன கேள்வி? உப்பில்லாம புளி வருஷம் நிக்குமா? புழு வச்சிராதா? போன வருஷம் லீவுல வந்தப்ப நீதானே அள்ளி அள்ளி இட்ட."

சொல்லி முடித்துவிட்டு அவளும் நின்றாள். அவள் கை பெட்டிக்குள்ளேயே இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் பக்கத்தில் இதைத் தெரியாத பெண்பிள்ளை கிடையாது. புளி என்றால் உப்பிட்டு அடைத்த புளிதான். பத்து வயதிலிருந்து அடைத்துக்கொண்டிருக்கிறோம். உப்பு உருகிப் புளியோடு ஒன்றாகிவிடும், கண்ணுக்குத் தெரியாது, அதனால் அது எங்களுக்கு உப்பு இல்லை, புளி. உப்பு என்றால் மரவையில் இருப்பது. மரவையை நான் அடுப்படியின் மறுகோடிக்கு மாற்றியாகிவிட்டது.

"ஐயோ, மாமா" என்றாள் மைனி, மெதுவாக.

அவளுக்கு முதலில் மாமா ஞாபகம் வந்தது. எனக்கு முதலில் வந்தது, நான் தப்பு என்பது. இந்த வித்தியாசத்தை நான் எத்தனையோ வருஷம் யோசித்திருக்கிறேன்.

உள்ளே போய்ப் பழம்புளிப் பானையைத் திறந்து ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்தேன். புளிப்புக்கு முன்னால் உப்புத்தான் வந்தது. பானையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நாற்பது நாளில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அப்பாவின் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்திருந்தால் போதும்.

அப்பாவிடம் போனேன். சாய்ந்தபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, புளியில உப்பு கிடந்திருக்கு. அதனாலதான் வீக்கம் எறங்கல்ல. தப்பு எனக்கதாக்கும்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "தெரியும் மக்கா" என்றார்.

"என்ன தெரியும்?"

"உப்பு கிடக்குன்னு. முதல் நாள் வாயில வச்சப்பவே தெரியும்."

எனக்குப் புரிய நேரமாயிற்று. "பின்ன ஏன் சொல்லல்ல?"

"சொன்னா அதையும் எடுத்துப் போடுவ. அந்த ஒரு வாய் ருசிக்காக்கும் நான் காலைல எழும்புததே." அவர் குரல் உடைந்தது. "இத்தினியோண்டு உப்பு என்ன செய்யும்னு நினைச்சேன்."

"மைனியை நான் ஏசினப்ப?"

அவர் அந்தச் சுவரைப் பார்த்தார், கூரைவரை எழும்பாத சுவரை. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அப்பா அழுது நான் பார்த்ததில்லை, அம்மா போனபோதும். எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். பாதிப் பொய்க்கு எங்களை அடித்த மனிதர், ஒரு வாய் ருசிக்காக, அந்தப் பெண் வாயடைத்து நிற்கும்போது இருமிவிட்டுச் சும்மா கிடந்திருக்கிறார். உங்களை நம்பிப் பாயைச் சுருட்டிப் பார்த்தேனே என்று ஏதோ சம்பந்தமில்லாமல் கத்தினேன். பிறகு அவரைப் பார்க்கப் பிடிக்காமல் சன்னல் பக்கம் திரும்பி நின்றேன். எத்தனை நோயாளிகளிடம் உப்பை நிறுத்து என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்திருக்கிறேன் என்பதும் அப்போதுதான் தோன்றியது. கோபம் அதனால் குறையவில்லை.

கட்டில் கிரீச்சிட்டது. அப்பா காலைத் தரையில் வைத்துவிட்டார்.

துணையில்லாமல் இறங்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். அடுப்படி வாசலுக்குப் பதினைந்து அடி இருக்கும். அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்தார். நின்றார். சுவரில் கையை ஊன்றி நாலு அடி வைத்தார். நின்றார். தோள் இரண்டும் மேலேறி இறங்கின, வாய் திறந்திருந்தது. என் கால் முன்னால் போயிற்று. அவர் என் பக்கம் கையை நீட்டி, வேண்டாம் என்று காட்டினார். நாடி அறுபத்தாறுக்கு வந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. நர்ஸ் என்ற முறையில் நான் அவரைத் தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிலில் போட்டிருக்க வேண்டும். நான் தடுக்கவில்லை. பின்னாலேயே நடந்தேன்.

மைனி அடுப்பு முன்னால் இருந்தாள். மாமனார் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டதும் எழுந்து, தேங்காய் திருவுகிற பலகையை இழுத்துப் போட்டு, இரும்பு நாக்குப் பக்கத்தைச் சுவருக்குத் திருப்பிவைத்து, அவரைப் பிடித்து உட்கார வைத்தாள். அவர் பேச வாயெடுத்தார். மூச்சுத்தான் வந்தது. இன்னொரு தடவை முயன்றார். மூச்சுத்தான் வந்தது.

"பைய மாமா. மூச்சு வரட்டும். நான் எங்கயும் போகல்ல" என்றாள் மைனி.

பானையில் அரிசி கொதித்து ஒரு பொங்கு வரும்வரை அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பிறகு அவர் துண்டு துண்டாகச் சொன்னார்.

"புளியில உப்பு கிடக்குன்னு எனக்குத் தெரியும் பிள்ளே. உன்னை இவ ஏசினப்பவும் தெரியும். நான் வாயத் தொறக்கல்ல."

மைனி திரும்பி, தான் தொடமாட்டேன் என்று சொன்ன அந்தச் சின்னப் பானையை எடுத்துக் கழுவினாள். கொதிக்கிற அரிசியில் பாதியை அதில் கோரி ஊற்றி அடுப்பில் வைத்தாள். வெந்ததும் இறக்கிக் கடைந்தாள். தேங்காய்ப்பால் ஒரு கரண்டி விட்டாள். மரவைப் பக்கமும் போகவில்லை, புளிப்பானைப் பக்கமும் போகவில்லை.

"கஞ்சியாக்கும் மாமா. உப்பும் இல்ல, புளியும் இல்ல. குடிக்கியளா?"

"குடிக்கேன்" என்றார் அப்பா.

அவருக்கு ஒரு கிண்ணம் வைத்தாள். இன்னொரு கிண்ணத்தில் அதே கஞ்சியை, அதே அளவு ஊற்றி, எனக்கு முன்னால் வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நீயும் குடி என்று சொல்லவும் இல்லை.

நான் தரையில் உட்கார்ந்து எடுத்துக் குடித்தேன். முதல் வாய் இறங்கியது. இரண்டாவது வாய் தொண்டையில் நின்றது. மூன்றாவது வாய்க்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, அழுகையா குமட்டலா என்று எனக்கே தெரியவில்லை. எதிரில் அப்பா, இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வாய்க்கும் மூச்சு வாங்கிக்கொண்டு, நிறுத்தாமல் குடித்தார். கிண்ணத்தை மைனியிடம் நீட்டியபோது அதில் ஒரு பருக்கை இல்லை. என்னால் பாதிதான் முடிந்தது.